விலைபோகாத கைக்கணினி

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

ஓர் இலக்கிய வட்டம் பத்தாண்டுகள் நிலைத்து நிற்பது அரிது. தொடங்கும்போது இருக்கும் சூடு மூன்றாம் ஆண்டில் ஆறிவிடும். ஐந்தாம் ஆண்டில் அழைப்பிதழ் அச்சிடவும் காசிருக்காது. இவற்றையெல்லாம் கடந்து வந்த வட்டத்தை மனமாரப் பாராட்டுகிறேன். இம்மேடையில் கவிதையைப் பற்றிப் பேச என்னினும் தகுதி மிக்கோர் பலர் இருக்கின்றனர். ஆகவே நான் கவிதைக்குப் புறத்தே உள்ள ஒரு பொருளை எடுத்துக்கொள்கிறேன். அது ஒரு தோல்வியின் வரலாறு. வெற்றியைக் கொண்டாடும் நாளில் தோல்வியைப் பற்றிய பேச்சு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். அத்தோல்வியால் நம் தமிழ் இழந்தது சிறிதன்று. ஆதலால் அதனை உங்கள்முன் வைப்பது பொருந்தும் என்று கருதுகிறேன்.

சேலத்திலிருந்து வடக்கே ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தொலைவில் பெங்களூர் இருக்கிறது. அங்கே 1998ஆம் ஆண்டு, வளரும் நாடுகளுக்குத் தகவல் தொழில்நுட்பம் எவ்வாறு பயன்படும் என்று ஆராய ஒரு கருத்தரங்கு நடந்தது. கணினி என்பது மேசைமேல் இருப்பது, ஆங்கிலம் அறிந்தவர்க்கு உரியது, வசதியுள்ளவர் வாங்குவது என்றிருந்த காலம் அது. எழுதப் படிக்கத் தெரியாத உழவரும் தம் கையில் வைத்துப் பயன்படுத்தும்படி ஒரு சிறு கணினியைச் செய்ய இயலாதா என்னும் கேள்வி அங்கே எழுந்தது. இந்திய அறிவியல் கழகத்துப் பேராசிரியர்கள் விஜய் சந்துரு, சுவாமி மனோகர், ரமேஷ் ஹரிஹரன், வி. வினய் ஆகிய நால்வரும் என்கோர் என்னும் நிறுவனத்துப் பொறியாளர்களும் அக்கேள்வியை ஏற்றுக்கொண்டார்கள். அதற்கென 1999இல் ஓர் அறக்கட்டளை அமைத்தார்கள். அவர்கள் செய்த கருவியின் பெயர் சிம்ப்யூட்டர். எளியது, மலிவானது, பன்மொழி அறிந்தது என்னும் பொருளுடைய மூன்று ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைக் கோத்து அப்பெயரை அமைத்தார்கள்.

2001 ஏப்ரல் 25ஆம் நாள் அதன் முன்மாதிரி வெளியிடப்பட்டது. உள்ளங்கையில் அடங்கும் அளவு. விசைப்பலகை கிடையாது, ஒரு சிறு கோலால் திரையைத் தொட்டால் போதும். திரையில் உள்ள இந்திய மொழி எழுத்தை வாய்விட்டுப் படித்துக் காட்டும் மென்பொருளை அதற்கென எழுதினார்கள். படிக்கத் தெரியாதவரும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்பது நோக்கம். ஒருவரே வாங்க இயலாவிட்டால் ஊரார் பலர் சேர்ந்து ஒரு கருவியை வைத்துக்கொள்ளலாம். அவரவர் விவரம் அவரவரிடம் உள்ள சிறிய அட்டையில் இருக்கும். அட்டையைச் செருகியதும் கருவி அவருக்கு உரியதாகிவிடும். வடிவமைப்பையும் பூட்டி வைக்கவில்லை. பொது உரிமத்தின் கீழ் வெளியிட்டார்கள். விலை 9,000 ரூபாய் அளவில் இருக்கும் என்று குறித்தார்கள். அவ்வாண்டின் கணினித் துறைப் புதுமைகளில் இதுவே தலையாயது என்னும் கருத்துப்பட, அமெரிக்க எழுத்தாளர் புரூஸ் ஸ்டெர்லிங் நியூயார்க் டைம்ஸ் இதழில் எழுதினார்.

பின்னர் மூன்றாண்டுகள் சென்றன. முதலீடு செய்வாரும் பெருமளவில் செய்து தருவாரும் எளிதில் கிடைக்கவில்லை. 2004 ஏப்ரலில்தான் அது கடைக்கு வந்தது. அப்பேராசிரியர்கள் தொடங்கிய பிக்கோபீட்டா நிறுவனம் 'அமிடா' என்னும் பெயரில் அதை விற்றது. பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் செய்து கொடுத்தது. அதில் புதுமைகள் இன்னும் மிகுந்திருந்தன. கையால் எழுதியதை, அது எந்த மொழியாயினும், அப்படியே மின்னஞ்சலில் அனுப்பலாம். கருவியைச் சற்று அசைத்தால் அவ்வசைவை உணர்ந்து பக்கம் புரளும். உலகம் வியந்து பேசிய ஐபோன் வெளிவந்தது 2007இல். அதற்கு மூன்றாண்டு முன்னரே அசைவறியும் கைக்கணினி பெங்களூரில் விற்பனைக்கு இருந்தது என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.

ஓராண்டில் 50,000 விற்கும் என்பது எதிர்பார்ப்பு. 2005இல் வந்த செய்திகளின்படி எல்லாவற்றையும் கூட்டினாலும் விற்றவை ஏறத்தாழ 4,000. அவற்றிலும் சிற்றூர் மக்களின் பயனுக்குச் சென்றவை பத்தில் ஒரு பங்கு அளவே. யாருக்காகச் செய்தார்களோ அவர்களிடம் அது போய்ச் சேரவில்லை. பிற்பாடு என்கோர் நிறுவனம் அதே வழியில் இந்தியப் படைக்கு ஒரு கருவியைச் செய்து கொடுத்தது. உழவருக்கென எண்ணியது வீரருக்குப் பயன்பட்டது.

ஏன் இப்படி ஆயிற்று? அதை ஆராயுமுன் ஒரு வேறுபாட்டைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். நம் அண்டையிலுள்ள கோவையின் ஜி.டி. நாயுடு அவர்களை நீங்கள் அறிவீர்கள். 1952இல் இருவர் அமரும் சிறு காரை 2,000 ரூபாய் விலையில் தரும் திட்டத்தோடு அவர் முன்வந்தார். அரசின் உரிமம் கிடைக்காமையால் அது தயாரிப்புக்கு வரவில்லை. அதைச் சந்தையில் தோற்றது என்று சொல்லக்கூடாது. சந்தைக்குள் நுழையவே விடாத பொருள் வேறு. கடைக்கு வந்து, ஏடுகள் புகழ்ந்து, அறிஞர் பாராட்டி, அதன் பின்னும் வாங்குவாரின்றிக் கிடந்த பொருள் வேறு. சிம்ப்யூட்டர் இரண்டாம் வகை. குற்றத்தை அரசின் மேல் மட்டும் போட்டுவிட்டு நாம் எழுந்துபோக முடியாது.

விலை மிகுதி என்பார் உளர். கடைக்கு வந்தபோது அமிடாவின் விலை ஏறத்தாழ 10,000 ரூபாயில் தொடங்கி 20,000 ரூபாய் வரை இருந்தது. அது பெருந்தொகைதான். ஆனால் நம் சமவெளி உழவர் பெருந்தொகை செலவிடாதவர் அல்லர். கிணற்றில் நீர் கீழே போனால் திருச்செங்கோட்டு ரிக் வண்டியை வரவழைத்து, அடிக்கு இவ்வளவு என்று கூலி பேசி, நீர் வருமா வராதா என்று தெரியாமலே ஆழ்துளைக் கிணறு போடுகிறார். 1980இல் ஓசூரிலிருந்து வெளிவந்த டி.வி.எஸ். 50 வண்டியைக் கடன் பெற்றேனும் வாங்கி, பால் கேனும் தீவன மூட்டையும் அதிலேயே ஏற்றினார். கையில் காசில்லாதவர் கடன் வாங்கினார். கடன் கொடுப்பாரும் இருந்தனர். ஆகவே விலை ஒரு காரணமே தவிர, முழுக்காரணம் ஆகாது.

மக்கள் புதுமையை விரும்பாதவர், பழமையில் ஊறியவர் என்பார் உளர். இதுவும் பொருந்தாது. இதற்கு இரண்டு சமையலறைப் பொருள்களை ஒப்பிட்டுக் காட்ட விரும்புகிறேன்.

முதலாவது மாவரைக்கும் கிரைண்டர். 1955இல் கோவையில் பி. சபாபதி என்பவர் அதைச் செய்தார். ஆட்டுக்கல்லில் அடிக்கல் அசையாமல் இருக்கும், குழவி சுழலும். கிரைண்டரில் அடிக்கல் சுழலும். குழவி ஓரிடத்தில் பிடிபட்டு நிற்கும். மாறியது அவ்வளவே. கல் அதே கல், மாவு அதே மாவு, ஊறவைக்கும் நேரம் அதே நேரம். மறைந்தது தோள்வலி ஒன்றுதான். மோட்டார் பழுதானால் காயில் கட்டித்தரப் பம்புசெட்டு மோட்டார் பழுது பார்ப்பவர் ஏற்கெனவே ஊரில் இருந்தார். கல் தேய்ந்தால் கொத்தித்தர ஆட்டுக்கல் கொத்துபவர் இருந்தார். கிரைண்டர் தனக்கென ஒரு புது உலகத்தைக் கேட்கவில்லை; இருந்த உலகத்தில் ஓரிடம் கேட்டது. உணவகத்தில் நுழைந்தது, பிறகு வீட்டில் நுழைந்தது. இன்று அது இல்லாத வீட்டை நம் ஊர்களில் தேடத்தான் வேண்டும்.

இரண்டாவது சூரிய அடுப்பு. 1950களில் புதுதில்லித் தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடம், கதிரவன் ஒளியைக் குவித்துச் சமைக்கும் அடுப்பு ஒன்றை உருவாக்கியது. அப்போது அக்கூடத்தின் இயக்குநராக இருந்தவர் தமிழராகிய கே.எஸ். கிருஷ்ணன்; சி.வி. இராமனோடு ஆராய்ந்த பெருமகன். விறகு வேண்டா, எண்ணெய் வேண்டா, புகை இல்லை. ஒரு தொழிலகம் அதைச் செய்து விற்கவும் முன்வந்தது. விலைபோகவில்லை. பிறகு 1980களில் பெட்டி வடிவிலான சூரிய அடுப்பை நடுவண் அரசு மானியம் கொடுத்தே பரப்ப முயன்றது. அப்போதும் அது பெரிதாகப் பரவவில்லை.

சேலம் நாமக்கல் வெயிலுக்குக் குறைவா? குறைவில்லை. ஆனால் வெயில் உச்சிக்கு வரும்போது நம் வீட்டுப் பெண்கள் அடுப்படியில் இல்லை. களையெடுக்கும் காட்டிலோ, விசைத்தறிக் கூடத்திலோ, சேகோ ஆலையின் உலர்களத்திலோ இருக்கிறார்கள். அவர்கள் சமைப்பது விடியலுக்கு முன்னும் விளக்கு வைத்த பின்னும். அந்த இரு வேளையிலும் வெயில் இல்லை. பெட்டி அடுப்பில் சோறும் பருப்பும் வேகும். தாளிக்க முடியாது, தோசை வார்க்க முடியாது. அறிவியல் பிழையில்லாத கருவிதான் அது. சமைப்பவர் எந்த நேரத்தில் எங்கே இருப்பார் என்பது மட்டும் அதன் கணக்கில் சேரவில்லை.

இப்போது சிம்ப்யூட்டருக்குத் திரும்புவோம். அதை நம் சமவெளியில் ஒரு குடியானவர் கையில் வைத்து எண்ணிப் பாருங்கள். 1997இல் நாமக்கல் தனி மாவட்டமாகப் பிரிந்தது. ஆயினும் இரு மாவட்டத்தின் தொழிலும் ஒன்றோடொன்று பின்னியே கிடக்கின்றன. குச்சிக்கிழங்கு போட்டவருக்குத் தெரியவேண்டியது, ஆலையில் இன்று மாவுச்சத்துப் பாயிண்டுக்கு என்ன விலை என்பது. கோழிப்பண்ணை வைத்தவருக்குத் தெரியவேண்டியது, 1982இல் தொடங்கிய தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு இன்று நாமக்கல் மண்டலத்துக்கு என்ன விலை அறிவித்தது என்பது. லாரி உரிமையாளருக்குத் தெரியவேண்டியது, வண்டி இந்நேரம் நாகபுரியைத் தாண்டியதா, திரும்புகாலுக்குச் சுமை கிடைத்ததா என்பது. ரிக் வண்டியோடு இராசத்தான் வரை போனவரின் மனைவிக்குத் தெரியவேண்டியது, அவர் உடம்பு சுகமா என்பது.

இவற்றுள் ஒன்றையேனும் சிம்ப்யூட்டர் தானாகச் சொல்லிவிடுமா? அதற்கு இணைய இணைப்பு வேண்டும். அந்நாளில் சிற்றூரில் இணையம் அரிது. இணைப்பு கிடைத்தாலும் பாயிண்டு விலையைத் தமிழில் எழுதி அன்றன்று ஏற்றிவைப்பார் ஒருவர் வேண்டும்; அவ்வாறு ஒருவரும் இல்லை. ஆலைக்காரரிடமோ தரகரிடமோ அண்ணா என்றழைத்துக் கேட்டால் அரை நிமிடத்தில் விடை வரும். தேவைப்பட்டது அந்த அரை நிமிடப் பேச்சு. கருவி பேசியது, ஆனால் உழவர் பேச விரும்பியவரோடு பேச வழி செய்யவில்லை. படிக்கத் தெரியாதவருக்குத் தகவலைப் படித்துக் காட்ட வேண்டும் என்று அதைச் செய்தவர்கள் எண்ணினார்கள். படிக்கத் தெரியாதவர் தகவலை ஏட்டிலிருந்து பெறுவதில்லை, தாம் நம்பும் மனிதரிடமிருந்து பெறுகிறார் என்பதை எண்ணவில்லை.

அதே ஆண்டுகளில் வேறொரு கருவி இச்சமவெளிக்குள் புகுந்தது. அதன் பெயரை நான் சொல்ல வேண்டியதில்லை. இந்தியாவில் 1995இல் கைப்பேசி வந்தபோது அது செல்வர் கைப்பொருள். நிமிடத்துக்குப் பதினாறு ரூபாய் வரை கட்டணம், வரும் அழைப்பை எடுத்தாலும் பணம். 2003 மே முதல் நாளிலிருந்து வரும் அழைப்புக்குக் கட்டணம் இல்லை என்றாயிற்று. அந்த ஒரு விதி, கருவியின் பொருளையே மாற்றிவிட்டது. காசில்லாதவரும் கைப்பேசி வைத்திருக்கலாம், அழைப்பவர் அழைப்பார். தாம் அழைக்க வேண்டுமானால் ஒரு மணியடித்து வைத்துவிடலாம். அதற்கு 'மிஸ்டு கால்' என்று பெயரும் வந்துவிட்டது. அவ்வாண்டு சூலையில் ரிலையன்ஸ் நிறுவனம் 501 ரூபாயை முதலில் கட்டிக் கருவியைப் பெறும் திட்டத்தைக் கொண்டுவந்தது. அதே 2003இல் நோக்கியா 1100 வந்தது. அதில் வியப்பூட்டும் புதுமை ஏதுமில்லை. தூசி புகாத பொத்தான், நழுவாத பிடி, நெற்றியில் ஒரு டார்ச் விளக்கு. ஆனால் இரவில் வரும் மும்முனை மின்சாரத்துக்காகக் காத்திருந்து, வரப்பில் நடந்து போய் மோட்டார் போடுபவருக்கு அந்த விளக்கு எவ்வளவு தேவை என்பதை அதைச் செய்தவர் அறிந்திருந்தார். உலகெங்கும் 25 கோடிக்கு மேல் அந்தக் கருவி விற்றது.

அன்பர்களே, பகிர்ந்துகொள்ளுதல் பற்றியும் ஒரு சொல். ஊருக்கு ஒரு சிம்ப்யூட்டர், ஆளுக்கு ஓர் அட்டை என்பது அழகிய எண்ணம். ஊருக்கு ஒரு கருவி என்னும் ஏற்பாடு நம் நாட்டுக்குப் புதிதும் அன்று. மஞ்சள் பலகை மாட்டிய எஸ்.டி.டி. கூண்டுகள் 1980களின் பிற்பகுதியிலிருந்து நாடெங்கும் முளைத்தன. அங்கே பலர் ஒரு தொலைபேசியைப் பகிர்ந்துகொண்டனர். அது வென்றதற்குக் காரணம், அக்கூண்டை நடத்தியவருக்கு ஒவ்வோர் அழைப்பிலும் கூலி இருந்தது. ஆதலால் அவர் விடியற்காலையிலே திறந்தார், பழுதானால் ஓடிப்போய்ச் சரிசெய்தார், எண் தெரியாதவருக்கு எண் சுழற்றிக் கொடுத்தார். கைப்பேசிக்கும் அப்படியே ஆயிற்று. பத்து ரூபாய்க்கு நிரப்பித் தந்த பெட்டிக்கடைக்காரருக்கு அதில் சில காசு நின்றது. பழைய கருவியைக் கழற்றிச் சரிசெய்த இளைஞருக்குப் பேருந்து நிலையத்தருகே ஒரு கடை அமைந்தது. சிம்ப்யூட்டரைப் பகிர்ந்தளிப்பவருக்கு என்ன கிடைக்கும், யார் அதை விற்பார், யார் பழுது பார்ப்பார் என்னும் கேள்விகளுக்கு விடை இல்லை. ஒரு பொருளால் வாழ்பவர் பலர் இருந்தால்தான் அப்பொருள் வாழும்.

ஆக, நான் கண்ட காரணத்தைச் சுருக்கிச் சொல்கிறேன். சிம்ப்யூட்டரைச் செய்தவர்கள் அறிவில் குறைந்தவர் அல்லர். உள்ளத்தில் மக்கள்மேல் அன்பு இல்லாதவரும் அல்லர். 'ஏழை உழவர்' என்று ஒருவரை மனத்திலே வரைந்துகொண்டு அவருக்காக உழைத்தார்கள். அந்த உழவருக்குத் தரகர் இல்லை, பெட்டிக்கடை இல்லை, வெளியூர் போன மகன் இல்லை, இரவு மின்சாரம் இல்லை. உண்மையான உழவருக்கோ இவையெல்லாம் இருந்தன. வரைந்த உழவருக்குப் பொருந்திய கருவி வாழும் உழவர் கையில் பொருந்தவில்லை.

இதுவரை சொன்னது வணிகம். இனி நம் இழப்பைச் சொல்கிறேன்.

தோற்ற கருவியில் இந்திய மொழிகள் அடித்தளத்திலேயே இருந்தன. வென்ற கருவியிலோ தமிழ் இல்லை. பின்னாளில் வந்ததும் அரைகுறையாக வந்தது. அன்றைய குறுஞ்செய்தியின் அமைப்பைப் பாருங்கள். ஆங்கில எழுத்தில் எழுதினால் ஒரு செய்தியில் 160 எழுத்து அடங்கும். தமிழ் எழுத்தில் எழுதினால் 70 இடம்தான். அதிலும் 'தமிழ்' என்னும் மூன்றெழுத்துச் சொல் அக்கணக்கில் ஐந்து இடத்தைப் பிடித்துக்கொள்ளும். மிகரத்தின் கொக்கிக்கு ஓரிடம், ழகரத்தின் புள்ளிக்கு ஓரிடம். ஆக, தமிழில் எழுதினால் காசு இரட்டிப்பு. சிங்கப்பூரில் 2005ஆம் ஆண்டுப் பொங்கலன்று வெளியான முத்து நெடுமாறன் அவர்களின் 'செல்லினம்' போன்ற நன்முயற்சிகள் இருந்தன. எனினும், கையிலிருந்த எளிய கருவிகளில் தமிழைத் தட்ட வழி இல்லாதவர்களே மிகப் பலர். கைப்பேசிகள் இந்திய மொழி எழுத்துகளைக் காட்டியே ஆகவேண்டும் என்று நடுவண் அரசு விதி வகுத்தது 2016இல்தான். அதற்குள் ஒரு தலைமுறை தமிழை ஆங்கில எழுத்தில் எழுதப் பழகிவிட்டது.

கவிஞர்களே, இது எத்தகைய இழப்பு என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டுமா? ஆங்கில எழுத்தில் மனமும் மணமும் ஒன்று. கலையும் களையும் ஒன்று. வலியும் வளியும் ஒன்று. குறில் எது, நெடில் எது என்று தெரியாது. வல்லின றகரமும் இடையின ரகரமும் வேறுபடாது. அசை பிரிக்க முடியாத எழுத்தில் எதுகை எங்கே கண்ணுக்குத் தெரியும்? தாய்மொழியில் காதலித்து, தாய்மொழியில் சண்டையிட்டு, தாய்மொழியில் ஆறுதல் சொல்லும் பிள்ளைகள் தம் எழுத்தை மட்டும் பள்ளித் தேர்வோடு நிறுத்திக்கொண்டார்கள். அவர்களைக் குறை சொல்வது எளிது. காசு இரட்டிப்பாகும் இடத்தில் மொழிப்பற்றைத் தனியாளின் தலையில் சுமத்துவது முறையாகாது. தமிழ் இருந்த கருவி அவர்களுக்குப் பயன்படவில்லை. பயன்பட்ட கருவியில் தமிழ் இருக்கவில்லை.

தமிழில் இருக்கிறது என்பதற்காகவே மக்கள் ஒன்றை ஏற்பார் என்று நாம் பல வேளைகளில் நம்பிவிடுகிறோம். நம் கவிதை நூல்களுக்கும் இந்நம்பிக்கையே கேடாக முடிவதுண்டு. 'பாமரன்' என்று ஒருவனை நாம் மனத்தில் வரைகிறோம், அவனுக்காகப் பாடுகிறோம், அவன் வாங்கவில்லை என்று வருந்துகிறோம். தறி ஓட்டுபவர் எப்போது படிப்பார், லாரி ஓட்டுபவர் எதைக் கேட்டு விழித்திருப்பார் என்று நாம் கேட்பதில்லை. நூற்கட்டுகள் பரண்மேல் கிடக்க, மேடையில் வாசகர் இல்லை என்கிறோம்.

இதனால் கவிதை சந்தைக்கு ஏற்றபடி வளைய வேண்டும் என்று நான் சொல்வதாக எண்ண வேண்டா. கருவிக்கும் கவிதைக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. விலைபோகாத கருவி சில ஆண்டுகளில் பழைய இரும்பு ஆகிவிடும். விலைபோகாத கவிதை காத்திருக்கும். சீவக சிந்தாமணி அப்படிக் காத்திருந்த காப்பியம். 1880இல் கும்பகோணத்தில் முன்சீபாக இருந்த சேலம் இராமசாமி முதலியார், இளைஞராகிய உ.வே. சாமிநாதையரிடம் சிந்தாமணி போன்ற பழைய நூல்களைப் படித்ததுண்டா என்று கேட்டார். ஐயர் படித்திருக்கவில்லை. அக்கேள்வியே அவரைச் சுவடிகளின் பக்கம் திருப்பியது. 1887இல் சிந்தாமணி அச்சில் வந்தது. பத்துப்பாட்டும் சிலம்பும் புறநானூறும் மணிமேகலையும் தொடர்ந்தன. முதலியார் நூல் எழுதிப் புகழ் பெற்றவர் அல்லர். கேட்க வேண்டியதைக் கேட்க வேண்டியவரிடம் கேட்டார். நம் ஊர்ப் பெயரைத் தம் பெயரோடு சுமந்தவர் செய்த தொண்டு அது.

கவிதைக்கு ஒருவர் நூறாண்டு கழித்துக் கேட்டாலும் போதும். கருவிக்கு அந்த அவகாசம் இல்லை. அது விற்கும் நாளிலேயே கேட்க வேண்டும். 2003இல் கைப்பேசி வாங்கிய நம்மவர் ஒவ்வொருவரும் கடைக்காரரிடம் இதில் தமிழ் உண்டா என்று கேட்டிருந்தால், கடைக்காரர் முகவரிடம் கேட்டிருப்பார். முகவர் நிறுவனத்திடம் கேட்டிருப்பார். நம்மில் பெரும்பாலோர் கேட்கவில்லை. நிறுவனத்தார் தாமாக முந்திக்கொண்டு தரவும் இல்லை.

இப்போது சொன்னதைக் கேட்டு எழுதும் கருவிகளும், கேட்ட கேள்விக்கு விடை சொல்லும் கருவிகளும் வந்துவிட்டன. அவற்றுக்குப் புரியும் தமிழ் எந்தத் தமிழ்? குச்சிக்கிழங்கு என்றால் அதற்குப் புரியுமா, பாயிண்டு விலை என்றால் புரியுமா, நம் ஊர்ப் பாட்டி 'ஏனுங்க' என்று இழுத்துப் பேசினால் எழுதிக் காட்டுமா? இக்கேள்விகளை இப்போதே, விலை கொடுக்கும்போதே நாம் கேட்டாக வேண்டும். அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் தெருவில் தொழில் செய்வார் ஒருவரிடம், உங்கள் வேலையில் எந்த இடத்தில் தமிழ் எழுத்து இல்லாமல் இடர்ப்படுகிறீர்கள் என்று கேட்டு, அவர் சொன்னதை அவர் சொன்ன சொல்லிலேயே எழுதிக் கொண்டுவருமாறு வேண்டுகிறேன். பத்தாண்டு நிறைந்த வட்டம் பதினொன்றாம் ஆண்டைத் தொடங்க அது தக்க பணியாக அமையும்.